கழன்று விழாத கூடுகள்

உள்ளங்கையால் ஓங்கி அடித்தும் தள்ளுகோல் அசையவில்லை.

ரிவால்வரில் ஆறு தோட்டாக்களையும் சுட்ட பிறகு செய்ய வேண்டியது எளிது. சிலிண்டரைப் பக்கவாட்டில் திறந்து, குழல் வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஆறு வெறுங்கூடுகளும் காலடியில் உதிர வேண்டும். ஜூன் மாதம் அப்படித்தான் உதிர்ந்தன. ஜூலையில் அடம்பிடிக்கத் தொடங்கின. இப்போது ஆகஸ்ட் பாதி போய்விட்டது. என் வலது உள்ளங்கை நடுவில் கன்றிப்போய் நீலமாக இருந்தது.

அண்ணன் டாலின் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். நாங்கள் சுட்டுப் பழகும் சரளைக் குழிக்குள் தோலைத் துப்பினான். பிறகு பக்கத்தில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்து நீட்டினான்.

“மருந்தக் கொஞ்சம் குறைச்சுத்தான் போடேன், சயின்டிஸ்ட். எல்க் மானைத்தானே சுடப் போற. மலைய இல்லையே.”

என் தோட்டாக்களை நானே செய்கிறேன்; கையேட்டுப் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் குறைவாகத்தான் வெடிமருந்து போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். போன வாரமும் அதையேதான் சொல்லியிருந்தேன். வாயை மூடிக்கொண்டு சுத்தியலை வாங்கினேன். மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தபோது கூடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, பல் பிடுங்கியதுபோல.

எங்கள் குடும்பத்தில் ஒரு விதி உண்டு. பல வருடங்களுக்கு முன் வெர்ல் மாமா அடர்ந்த காட்டுக்குள் ஒரு எல்க்கைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, மறுபடி தோட்டா போட முடியாமல் நின்றார். வெறுங்கூடுகள் இதேபோல இறுகிப் பிடித்துக்கொண்டன. காயத்தோடு போன மிருகம் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து, மலை முகாமுக்கு வருகிற ஒவ்வொருவரும் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்தன்று இந்தச் சரளைக் குழியில் மாமாவின் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்கான காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்து வைப்பார். கைத்துப்பாக்கி என்றால் ஆறு சுட்டு, கட்டைவிரலால் மட்டும் கூடுகளை உதிர்த்து, மறுபடி ஆறு போட்டுச் சுட வேண்டும். சுத்தியல் கூடாது. உதிராவிட்டால் முகாம் கிடையாது. மாமாவின் சொந்த மகனே ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்த வருடம் குலுக்கலில் எனக்கு வேட்டைச் சீட்டு விழுந்திருந்தது. நீண்ட தூரத் துப்பாக்கிகளை அனுமதிக்காத பகுதி அது. கைத்துப்பாக்கி, வில், குழலின் வாய்வழியாக மருந்து இடிக்கும் பழைய பாணி வாய்வழித் துப்பாக்கி, இவை மட்டும்தான். சீட்டு என் பெயரில் இருந்தாலும் குதிரைகள் டாலினுடையவை, கூடாரம் டாலினுடையது. குதிரை இல்லாமல் அந்த மலையிலிருந்து ஒரு எல்க்கைக் கீழே கொண்டுவர என்னால் ஆகாது. கூடாரத்தில் நான்கு கட்டில்கள். நான் போகாவிட்டால் நான்காவது கட்டில் கோல்பிக்கு. கோல்பி என் அண்ணி ஷான்டாவின் தம்பி. தன் கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்குமா என்று அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான்.

நான் இதுவரை முகாமுக்குப் போனதில்லை. அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் இறைச்சி வெட்டியிருக்கிறேன். கூட வரட்டுமா என்று கேட்க எனக்கு இருபத்தைந்து வயது ஆக வேண்டியிருந்தது. கேட்ட அன்று என் காது இரண்டும் எரிந்தன. டாலின் தோளைக் குலுக்கி, “தட்டுல சுட்டுட்டு வா” என்றான். அவ்வளவுதான். மறுபடி அப்படி ஒன்றைக் கேட்கும் தைரியம் எனக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே கூடுகள் உதிர்ந்தாக வேண்டும்.

கூடு ஏன் ஒட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். வெடிக்கும்போது பித்தளை விரிந்து, சுற்றியுள்ள எஃகுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் சுருங்கி விலகுகிறது. அழுத்தம் அளவுக்கு மீறினால் எஃகுமே மயிரிழை விரிந்துகொடுக்கும். எஃகு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பித்தளையால் அந்த அளவுக்குத் திரும்ப முடியாது. திரும்பி வரும் எஃகு அதைக் கவ்விக்கொள்ளும். தெரியாதது, என் துப்பாக்கியில் அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

நான் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறவள். உருளைக்கிழங்கு வயல்களின் உரம் எவ்வளவு தண்ணீரில் கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. கல்லூரியில் முதலில் கற்றுக்கொடுத்தது அதுதான்.

முதலில் சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு துளைகளையும் சுத்தம் செய்தேன். பழகுவதற்காக நான் நீளம் குறைந்த, மென்மையான தோட்டாக்களைச் சுடுவதுண்டு. அவை துளைக்குள் கரி வளையம் ஒன்றை விட்டுவைக்கும். நீளமான கூடு அந்த வளையத்தில் போய் இறுகும். வெண்கலத் தூரிகையால் தோள் வலிக்கத் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடியாக இருந்தது. சுட்டேன். ஒட்டியது.

பிறகு கூடுகள். பலமுறை சுட்ட பித்தளை களைத்துப்போகும். புதுக் கூடுகள் வாங்கினேன். ஒட்டியது.

பிறகு ஒவ்வொரு துளைக்கும் நேராக மை வைத்து, எந்தத் துளை முரண்டுபிடிக்கிறது என்று பார்த்தேன். ஒரே ஒரு துளை என்றால் அதில் கீறல் இருக்கலாம். ஆறும் ஒரே மாதிரி முரண்டுபிடித்தன. பக்கத்து ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கிறவர் அளவெல்லாம் எடுத்துப் பார்த்து, துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை என்றார். சொல்லும்போது துப்பாக்கியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்.

கடைசியாக மருந்தைக் குறைத்தேன். கொஞ்சம் இளகியதுபோல இருந்தது. ஆனாலும் சுத்தியல் வேண்டியிருந்தது. இதற்கு மேல் குறைக்கவும் முடியாது. அந்த வகை மருந்தை ஓர் அளவுக்குக் கீழே போட்டால் சரியாக எரியாமல் வேறு ஆபத்து வரும் என்று புத்தகம் கட்டம் கட்டி எச்சரிக்கிறது. மேலே போனாலும் தப்பு, கீழே போனாலும் தப்பு. நடுவில் நின்றாலும் ஒட்டுகிறது.

அந்த வாரம் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கழுவும்போது உடைத்தேன். நான் எதையும் உடைக்கிறவள் இல்லை.

டாலினின் கராஜில் இருந்த மேசையில்தான் நாங்கள் இருவரும் தோட்டா செய்வோம். பிடியை இழுத்துத் தோட்டாவை அழுத்தும் பிரஸ் அவனுடையது. அதில் திருகி மாட்டும் அச்சுகள் என்னுடையவை. குண்டுகள் பொதுவில் வாங்கும் ஒரே பெட்டி. நான் தராசில் மருந்தை நிறுத்து, கூட்டில் கொட்டி, குண்டை வாயில் வைத்துப் பிடியை இழுப்பேன். அச்சு குண்டை உள்ளே தள்ளி, கூட்டின் உதட்டை அதன் மேல் மடித்துவிடும். டாலின் தனக்கு வேண்டியதை வசந்தத்திலேயே செய்து முடித்துவிட்டதால், அச்சு எவ்வளவு ஆழம் தள்ள வேண்டும் என்பதை ஜூனில் என் துப்பாக்கிக்கு ஏற்ப ஒரு முறை சரிசெய்து பூட்டிவைத்திருந்தேன். அதை நான் மறுபடி தொடவில்லை. தொடாததை எதற்குச் சோதிப்பது?

தொழிலாளர் தினத்துக்கு முந்தைய சனிக்கிழமை மதியம் மறுபடி குழிக்குப் போனேன். கோல்பியும் வந்திருந்தான். கேட்காமலே நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

“கோபிச்சுக்காத, மேரன். பொண்ணுங்க கட்டைவிரலுக்கு அவ்வளவுதான் பலம். நான் ஒரு அமுக்கு அமுக்கட்டுமா?”

துப்பாக்கியை நீட்டினேன். அமுக்கினான். பல்லைக் கடித்து மறுபடி அமுக்கினான். முகம் சிவந்தது. பிறகு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெயில் அதிகம் என்று கிளம்பிப் போனான். அந்த ஒரு நிமிடம் மட்டும் அந்த வாரத்தில் எனக்கு நன்றாக இருந்தது.

அவன் போனதும் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தேன். அழுகை வரும்போல இருந்தது. அழுதால் நேரம் போகும். மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தேவாலயம் தவிர வேறு வேலை கிடையாது. துப்பாக்கியைத் தொடவே கூடாது. அதனால் எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பிற்பகல் மட்டும்தான்.

ஜூனில் உதிர்ந்தது. ஜூலையில் ஒட்டியது. ஒரு கிணறு போன மாதம் நன்றாக இருந்து இந்த மாதம் கெட்டுப்போனால் நான் என்ன செய்வேன்? பழைய மாதிரியை எடுத்துப் புதியதோடு வைத்துப் பார்ப்பேன். ஜூன் மாதத் தோட்டாக்களை எல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் எந்த வண்டியின் முன்பெட்டியைத் திறந்தாலும் ஒரு தோட்டாவாவது உருளும். என்னுடையதைத் திறந்தேன். டயர் காற்று பார்க்கும் கருவி, கெட்டியாகிப்போன மிட்டாய், பழைய தேவாலயத் துண்டுச்சீட்டு. அவற்றின் அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது.

பின்பலகையில் அதை நிறுத்தினேன். பக்கத்தில் இந்த வாரம் செய்ததை நிறுத்தினேன்.

பழையது உயரமாக இருந்தது. அதிகம் இல்லை, ஒரு நெல்லின் பருமன்.

எங்கள் பெட்டியில் இருக்கும் குண்டின் இடுப்பில் இரண்டு பள்ளங்கள் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. கூட்டின் உதடு அதில் ஏதாவது ஒன்றில் மடியும். என்னுடையது நீளமான சிலிண்டர். அதற்குக் கீழ்ப்பள்ளம். புத்தகத்தில் நான் பார்த்த அளவும் கீழ்ப்பள்ளத்துக்கானது. டாலினின் துப்பாக்கி வேறு தயாரிப்பு, சிலிண்டர் குட்டை. கீழ்ப்பள்ளத்தில் மடித்தால் தோட்டாவின் மூக்கு வெளியே நீட்டி, சிலிண்டர் சுற்றாது. அதனால் அவனுக்கு மேல்பள்ளம். குண்டு அவ்வளவு ஆழம் போவதால் அவன் மருந்தையும் குறைவாகவே போடுவான்.

இந்த வாரத் தோட்டாவில் உதடு மேல்பள்ளத்தில் மடிந்திருந்தது. அழகாக, சீராக, தப்பே இல்லாததுபோல. கீழ்ப்பள்ளம் கூட்டுக்குள் முங்கியிருந்தது. அதனால்தான் எனக்குக் கண்ணில் படவில்லை. ஒரு நெல் ஆழம் குண்டு உள்ளே போனால் மருந்துக்கு இடம் அவ்வளவு குறைகிறது. சின்ன அறையில் அதே நெருப்பு. இரண்டு மாதமாக டாலினின் துப்பாக்கிக்கான ஆழத்தில் என் துப்பாக்கிக்கான மருந்தைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தடித்த எஃகு என்பதால் துப்பாக்கி பொறுத்துக்கொண்டது. என் விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

நேராகக் கராஜுக்குப் போனேன். யாரும் இல்லை. டாலின் வைக்கோல் கட்டு ஏற்றப் போயிருந்தான். அச்சின் பூட்டு வளையத்தில் நான் ஒருபோதும் இடுக்கி போட்டதில்லை. அதில் இடுக்கியின் பல் பதிந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போடுகிற கோபம் எனக்கு வராது. கை குளிர்ந்துபோகிற கோபம்தான் வரும்.

அன்று மாலைவரை தட்டிக்கொண்டிருந்தேன். செய்து வைத்திருந்த எல்லாத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகச் சுத்தியல் போன்ற ஒரு கருவியின் தலைக்குள் வைத்து, கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று வரும். அடித்தேன். கழற்றிய மருந்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக நிறுத்தேன். அச்சை உயர்த்தி, கீழ்ப்பள்ளத்துக்கு வைத்து, முதல் தோட்டாவைப் பழையதோடு நிறுத்திப் பார்த்துவிட்டுப் பூட்டினேன். ஷான்டா கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, என்ன இடி இடிக்கிறாய், குழந்தை தூங்குகிறான் என்றாள். டாலின் எப்போது வருவான் என்று கேட்டேன். இருட்டிய பிறகு என்றாள். நல்லது என்று நினைத்தேன். அவன் வந்தால் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது வாய்வரை வந்து வழக்கம்போலத் திரும்பிவிடும்.

செய்ததைச் சுட்டுப் பார்க்க வெளிச்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் டாலின் உட்கார்ந்திருந்தான். அவன் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பாடினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை சரளைக் குழியில் எல்லாரும் இருந்தார்கள். மடக்கு மேசையில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டு, ரூட் பியர் குளிர்பானம், பச்சை ஜெல்லி. டாலின் சுட்டான், உதிர்த்தான், சுட்டான். கோல்பி தன் வாய்வழித் துப்பாக்கியால் தட்டில் ஒரு பெரிய ஓட்டை போட்டுவிட்டு எல்லாரையும் திரும்பிப் பார்த்தான். பிறகு வெர்ல் மாமா எனக்குப் புதுத் தட்டு ஒன்றை ஆணியடித்தார்.

என் தோட்டாக்களை மரப்பெட்டி மேல் வரிசையாக நிறுத்தினேன். டாலின் பக்கத்தில் வந்தான். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முகம் மாறியது.

“மேரன், இது தப்பா இருக்கு. ரொம்ப நீளம்.” பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “இதத்தான் நான் ஜூலைலயே சரிபண்ணி வச்சேன். மறுபடி மாத்திட்டியா?”

நான் அவனைப் பார்த்தேன்.

“எதுக்கு மாத்தின?” என்றேன்.

“உன் டப்பாலேர்ந்து ஆறு எடுத்து என் துப்பாக்கில போட்டேன். சிலிண்டர் சுத்தவே இல்ல. குண்டு வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. சரி, தங்கச்சி அச்ச தப்பா வச்சிருக்கான்னு நினைச்சேன். சொன்னா மூஞ்சி செவந்துபோய் ரெண்டு நாள் பேச மாட்ட. அதான் சொல்லாம சரிபண்ணி வச்சேன்.”

அவன் அதை நல்ல மனதோடுதான் செய்திருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்யாமல் திருத்தியிருக்கிறான். பிறகு இரண்டு மாதம் பின்பலகையில் உட்கார்ந்து விதை கொறித்தபடி மருந்தைக் குறை என்று சொல்லியிருக்கிறான்.

“உன் துப்பாக்கிக்கு நீளம்,” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. கோல்பி ஜெல்லிக் கரண்டியோடு திரும்பினான். “என்னுதுக்கு இதுதான் அளவு. என் மருந்து இந்த நீளத்துக்குத்தான். நீ உள்ள தள்ளி வச்சதாலதான் ஒட்டுச்சு. கைய எடு.”

டாலின் தோட்டாவைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் பின்னால் போனான்.

“பேசி முடிச்சாச்சா?” என்றார் வெர்ல் மாமா. “சுடும்மா.”

சுட்டேன். கோபத்தில் முதல் குண்டு தட்டின் விளிம்பைக் கிழித்தது. மற்றவை உள்ளே போயின. சிலிண்டரைத் திறந்தேன். எல்லாரும் என் கட்டைவிரலைப் பார்த்தார்கள். கன்றிய கையால் அழுத்த வேண்டாம் என்று இடக்கைக்கு மாற்றினேன். இடக்கைக் கட்டைவிரலுக்கு என்றைக்கும் பலம் கிடையாது.

கூடுகள் உதிர்ந்தன. சரளையில் விழுந்து ஒன்று உருண்டு மாமாவின் செருப்பில் முட்டி நின்றது.

மறுபடி ஆறு போட்டேன், சுட்டேன், உதிர்த்தேன். மாமா தட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். குனிந்து ஒரு கூட்டை எடுத்து, சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். பிறகு உருளைக்கிழங்குப் பக்கம் போனார்.

“அப்ப அடுப்புப் பக்கத்துக் கட்டில் போச்சு,” என்றான் கோல்பி.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். உடனே வரவில்லை. இரண்டு மாதத் தோட்டாக்கள், பித்தளை, தேய்த்த தோள், பழுதுபார்க்கிறவர் என் கையைப் பார்த்த பார்வை, எல்லாம் வரிசையாக வந்தன.

மேசையை மடித்துக்கொண்டிருந்தபோது டாலின் வந்தான். “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, மேரன்.”

“நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். என் கூடப் பிறந்தவன்தானே. அவனுக்கும் காது சிவக்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கராஜுக்குப் போய், பிரஸ்ஸிலிருந்து என் அச்சைத் திருகிக் கழற்றித் துணியில் சுற்றி என் சாப்பாட்டு டப்பாவில் வைத்தேன். டாலின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நான் எதுல தோட்டா பண்றது?”

“வந்து கேளு,” என்றேன்.